ஆட்டிசம்: கணக்கில் வராத பெண்கள்

'ஆட்டிசம்' என்றதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது 1988-ல் வந்த 'ரெயின் மேன்' படம்தான். அதில் டஸ்டின் ஹாஃப்மன் நடித்த பாத்திரம் யார் முகத்தையும் பார்த்துப் பேசாது, தினசரி வழக்கத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் தாங்காது, கீழே கொட்டிய பல்குச்சிகளை ஒரே பார்வையில் எண்ணிச் சொல்லிவிடும். படம் ஆஸ்கர் வாங்கியது. அதற்கப்புறம் ஆட்டிசம் உள்ளவர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று ஒரு பிம்பம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் பிம்பத்தில் யாரும் கேள்வி கேட்காத ஒரு விஷயமும் இருந்தது. அது ஒரு ஆண்!

இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முப்பது, நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள் மருத்துவர்களிடம் போய், "எனக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். ஆட்டிசம் ஒருவருடைய மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. பிறந்ததிலிருந்தே கூட இருப்பது. நாற்பது வயதில் ஜலதோஷம் போலத் தொற்றிக் கொள்வதில்லை. அப்படியானால் இந்தப் பெண்கள் இத்தனை வருடமாக எங்கே இருந்தார்கள்? ஏன் யார் கண்ணிலும் படவில்லை?

பதில் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

மாஸ்கோவில் ஒரு மருத்துவர்

'ஆட்டிசம்' என்ற சொல்லைத் தந்தவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளூலர். 'தான்' என்று பொருள் தரும் 'ஆட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது இது. 1911-ல் வெளியான தன் நூலில், மனச்சிதைவு நோயாளிகள் வெளியுலகை விட்டுத் தமக்குள் ஒடுங்கிக்கொள்வதைக் குறிக்க அவர் இதைப் பயன்படுத்தினார். அதாவது, அப்போது அது ஒரு தனி நிலையின் பெயர் அல்ல. இன்னொரு நோயின் ஒரு அறிகுறி மட்டுமே.

குழந்தைகளிடம் இன்று நாம் ஆட்டிசம் என்று சொல்லும் தன்மைகளை விரிவாக எழுதி வைத்த முதல் ஆட்களில் ஒருவர் க்ருன்யா சுகரேவா என்ற சோவியத் மருத்துவர். 1891-ல் கீவ் நகரில் பிறந்தவர். 1921 முதல் மாஸ்கோவில் குழந்தைகளுக்கான மனநல சிகிச்சைப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தார். அங்கே ஆறு சிறுவர்களைக் கூடவே இருந்து கவனித்து எழுதிய கட்டுரை 1926-ல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. மற்ற பிள்ளைகளோடு ஒட்டாமல் இருப்பது, ஒரே விஷயத்தில் மூழ்கிப் போவது, சத்தமும் வாசனையும் தாங்க முடியாமல் தவிப்பது என்று அவர் குறித்து வைத்தவை இன்றைய ஆட்டிச விளக்கத்தோடு வியக்கத்தக்க அளவில் பொருந்துகின்றன.

இதில் முக்கியமான விஷயம் அடுத்த வருடம் நடந்தது. 1927-ல் சுகரேவா இரண்டாவது கட்டுரை எழுதினார். அது முழுக்க முழுக்கச் சிறுமிகளைப் பற்றியது! இதே தன்மைகள் பெண்பிள்ளைகளிடமும் இருக்கின்றன, ஆனால் வெளியே தெரியும் விதம் கொஞ்சம் வேறு என்று ஒப்பிட்டுக் காட்டியிருந்தார்.

அந்தக் கட்டுரைகளை உலகம் மறந்துபோனது. அவர் வைத்த பெயரும் 'ஆட்டிசம்' அல்ல, அந்தக் காலத்து வழக்கப்படி வேறொரு ஆளுமைக் கோளாறின் பெயர். சிறுவர்களைப் பற்றிய கட்டுரை ஆங்கிலத்தில் வந்தது 1996-ல். சிறுமிகளைப் பற்றிய கட்டுரை ஆங்கிலத்தில் வந்தது 2020-ல். 93 வருடம்! அதில் உள்ள சிறுமிகள் 2020-ல் உயிரோடு இருந்திருந்தால் நூறு வயதைத் தாண்டியிருப்பார்கள்.

இரண்டு கட்டுரைகள்

வரலாற்றில் நிலைத்தவை வேறு இரண்டு கட்டுரைகள். முதலாவது, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த லியோ கேன்னர் 1943-ல் எழுதியது. அதில் 11 குழந்தைகள். எட்டுப் பேர் பையன்கள், மூன்று பேர் பெண்கள். அந்தப் பதினொரு பேரும் என்ன ஆனார்கள் என்று கேன்னரே 1971-ல் மறுபடி தேடிப் பார்த்தார். கட்டுரையில் முதல் குழந்தையான டொனால்ட் ட்ரிப்லெட் படித்து வங்கியில் வேலைக்குப் போயிருந்தார் (இவர் 2023-ல் காலமானார்). மூன்று பெண்களின் வாழ்க்கையோ பெரும்பாலும் அரசு விடுதிகளிலேயே கழிந்திருந்தது. பையன்களிலும் சிலருக்கு இதே கதிதான். ஆனால் வெளியே வந்து சொந்தக் காலில் நின்றவர்கள் பட்டியலில் பெண் ஒருவர்கூட இல்லை.

இரண்டாவது, வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-ல் வெளியிட்டது. அதில் விரிவாக விவரிக்கப்பட்ட நான்கு பேரும் பையன்கள். இந்தத் தன்மை ஆண் அறிவின் ஒரு தீவிர வடிவம் என்று ஆஸ்பெர்கர் கருதினார். முழு அளவில் இந்தத் தன்மைகள் உள்ள சிறுமியைத் தாம் பார்த்ததில்லை என்றும் எழுதினார். கூடவே இன்னொன்றும் சொன்னார். இது தற்செயலாக இருக்கலாம், அல்லது பெண்களிடம் பருவமடைந்த பிறகே வெளிப்படுவதாகவும் இருக்கலாம், உறுதியாகத் தெரியவில்லை என்றார். அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் சிலரிடம் இதே சாயலைக் கண்டதாகவும் குறித்து வைத்தார்.

அதாவது கேள்வி 1944-லேயே காகிதத்தில் இருந்தது. பெண்கள் வளர்ந்த பிறகு தெரியவருமோ என்ற சந்தேகமும் இருந்தது. அதைப் பின்தொடர்ந்து போகத்தான் பல வருடங்களுக்கு ஆளில்லை.

(ஆஸ்பெர்கரைப் பற்றி இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. ஊனமுற்ற குழந்தைகளைக் கொன்ற நாஜித் திட்டத்துக்கு அவர் ஒத்துழைத்ததை 2018-ல் வரலாற்றாசிரியர் ஹெர்விக் செக் ஆவணங்களோடு வெளியிட்டார். வியன்னாவின் 'ஆம் ஷ்பீகல்க்ரண்ட்' என்ற இடத்துக்கு அவர் அனுப்பியவர்களில் இரண்டு சிறுமிகள் அங்கேயே இறந்தார்கள். அவர் பெயரைச் சொல்லப் பலர் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.)

குற்றவாளிக் கூண்டில் அம்மா

பெண்கள் ஆட்டிச வரலாற்றில் வேறொரு இடத்தில் மட்டும் தவறாமல் வந்தார்கள். குற்றவாளியாக!

குழந்தை இப்படி இருப்பதற்குக் காரணம் அன்பில்லாத அம்மாதான் என்ற கருத்து 1950-களிலும் 60-களிலும் பலமாக இருந்தது. 'ரெஃப்ரிஜிரேட்டர் அம்மா' என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் எழுதிய 'எம்ப்டி ஃபோர்ட்ரெஸ்' என்ற புத்தகம் இதை ஊரெல்லாம் கொண்டு சேர்த்தது. எத்தனையோ அம்மாக்கள் தங்கள் பிள்ளையைத் தாங்களே கெடுத்துவிட்டதாக நம்பி நொந்து போனார்கள்.

ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-லேயே இது உயிரியல் சார்ந்தது என்று வாதாடிப் புத்தகம் எழுதியிருந்தார். கேன்னர் 1969-ல் பெற்றோர்களின் கூட்டத்தில், பெற்றோர்களாகிய உங்களை விடுவிக்கிறேன் என்று அறிவித்தார். ஆனால் ஒரு தலைமுறை அம்மாக்களுக்கு அதற்குள் வாழ்க்கை பாதி போய்விட்டது.

இன்று ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு பெரிது என்று தெரியும். அப்படிப் பார்த்தால், அன்று 'பேசத் தெரியாதவள், முகம் கொடுக்காதவள்' என்று திட்டு வாங்கிய அம்மாக்களில் சிலருக்கே ஆட்டிசம் இருந்திருக்கலாம். அப்படி ஒரு கோணத்தில் அன்று யாரும் யோசிக்கவில்லை.

லோர்னா விங்

இந்தக் கதையைத் திருப்பிப் போட்டவர் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் (1928 - 2014). அவருடைய மகளுக்கு ஆட்டிசம். 1962-ல் மற்ற பெற்றோர்களோடு சேர்ந்து பின்னாளில் 'நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டி' ஆன அமைப்பைத் தொடங்கினார். லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் ஜூடித் கூல்டுடன் சேர்ந்து அவர் நடத்திய ஆய்வு 1979-ல் வெளிவந்தது. ஆட்டிசம் என்பது கோடு கிழித்துப் பிரிக்கக்கூடிய ஒற்றை நோய் அல்ல, பல அளவுகளில் பரவிக் கிடக்கும் ஒன்று என்ற இன்றைய புரிதலுக்கு அதுதான் அடித்தளம்.

1981-ல் லோர்னா விங் இரண்டு முக்கியமான கட்டுரைகள் எழுதினார். ஒன்று ஆஸ்பெர்கரை ஆங்கில உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அதிலேயே, சிறுமிகள் மேலோட்டமாகப் பார்த்தால் பழகுகிறவர்கள் மாதிரி தெரிவார்கள், உற்றுப் பார்த்தால் அதே சிரமங்கள் இருக்கும் என்று எச்சரித்தார். இன்னொன்று ஆண் பெண் விகிதத்தைப் பற்றியது. அறிவுவளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்து உள்ளவர்களில் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண்கள் என்ற கணக்கு. அந்தக் குறைபாடு இல்லாதவர்களில் ஒரு பெண்ணுக்குப் பதினைந்து ஆண்கள்!

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள். சிரமம் கடுமையாக, எல்லோருக்கும் தெரியும்படி இருந்தால் பெண்பிள்ளையும் கண்ணில் படுகிறாள். பேச்சு வந்து, படிப்பு வந்துவிட்டால் காணாமல் போகிறாள். உண்மையிலேயே அவர்கள் இல்லையா, அல்லது பார்ப்பவர்களுக்குத் தெரியவில்லையா?

செக்கு மாடு மாதிரி ஒரு கணக்கு

இங்கேதான் கோளாறு ஒரு வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது. மருத்துவர்கள் பார்த்தவர்களில் பெரும்பாலோர் பையன்கள். அதனால் ஆய்வுகள் பையன்களை வைத்து நடந்தன. ஆய்வுகளிலிருந்து கேள்வித்தாள்களும் பரிசோதனைகளும் உருவாயின. அவற்றை வைத்துத் தேடினால் மறுபடி பையன்களே கிடைத்தார்கள். 'பார்த்தீர்களா, இது ஆண்களுக்கு வருவதுதான்' என்று முடிவு கட்டினார்கள். 2002-ல் கேம்பிரிட்ஜின் சைமன் பேரன்-கோஹன் ஆட்டிசத்தை 'அதீத ஆண் மூளை' என்றே வர்ணித்தார்.

ஒரு பையன் ரயில் அட்டவணையை மனப்பாடமாகச் சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒரு பெண் ஒரே நாவலை நாற்பது தடவை படித்தாலோ, குதிரைகளைப் பற்றி மட்டுமே பேசினாலோ 'நன்றாகப் படிக்கிற பெண்' அல்லது 'குதிரை என்றால் உயிர்' என்பதோடு முடிந்துவிடுகிறது. பையன் வகுப்பில் கத்தினால் தலைமை ஆசிரியர் வரை போகும். பெண் ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் 'அடக்கமான பெண்' என்று நல்ல பெயர்தான் கிடைக்கும். அந்த நல்ல பெயரே அவளுக்குத் திரையாகிவிடுகிறது.

2012-ல் பிரிட்டனில் இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு இதை உறுதி செய்தது. ஒரே அளவு ஆட்டிசத் தன்மைகள் இருந்தாலும், கூடவே நடத்தைப் பிரச்சினையோ அறிவுவளர்ச்சிக் குறைபாடோ இருந்தால்தான் பெண்ணுக்கு டயக்னோசிஸ் கிடைத்தது.

மீதிப் பேர் என்ன ஆனார்கள்? வேறு பெயர்களில் சிகிச்சை பெற்றார்கள். மனச்சோர்வு, பதற்ற நோய், பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்று கோப்பு வளர்ந்தது. சாப்பிடாமல் உடம்பை வருத்திக்கொள்ளும் அனரெக்சியாவுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்குமோ என்று ஸ்வீடனின் கிறிஸ்டோபர் கில்பர்க் 1983-லேயே கேட்டார். 1992-ல் அவரும் ஸ்வென்னி கோப்பும் சேர்ந்து, இப்படித் தவறவிடப்பட்ட ஆறு சிறுமிகளைப் பற்றி எழுதினார்கள். அந்தக் கேள்வி மருத்துவமனைகளுக்குப் பரவலாகப் போய்ச் சேர இன்னும் இருபது வருடம் ஆனது.

அவர்களே எழுதிய கதை

மருத்துவர்கள் மெதுவாக நடந்தார்கள். பெண்கள் தாங்களே பேனாவை எடுத்தார்கள்.

1986-ல் அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின் தன் கதையை எழுதினார். ஆட்டிசத்தை உள்ளிருந்து சொன்ன ஆரம்பகாலப் புத்தகங்களில் அது ஒன்று. அவர் சிறுவயதிலேயே கவனிக்கப்பட்டவர். ஆஸ்திரேலியாவின் டோனா வில்லியம்ஸ் (1963 - 2017) அப்படியல்ல. காது கேட்கவில்லையோ என்று சோதித்தார்கள், மனநோய் என்றார்கள். வளர்ந்த பிறகுதான் ஆட்டிசம் என்று தெரிந்தது. 1992-ல் வந்த அவருடைய 'நோபடி நோவேர்' உலகெங்கும் விற்றது. 'இவ்வளவு நன்றாக எழுதுகிறவருக்கு ஆட்டிசமா?' என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. அந்தச் சந்தேகமே எவ்வளவு பெரிய சுவர் இருந்தது என்பதற்குச் சாட்சி.

1999-ல் லியான் ஹாலிடே வில்லி எழுதிய புத்தகத்தின் தலைப்பு 'பிரிடெண்டிங் டு பி நார்மல்'. இயல்பாக இருப்பது போல நடிப்பது! மகளுக்கு டயக்னோசிஸ் ஆனபோது தன்னையே அதில் அடையாளம் கண்டுகொண்ட தாய் அவர். பிள்ளைக்காக மருத்துவமனைக்குப் போய், அங்கே கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் 'இது நானும்தானே' என்று உணர்வது பின்னாளில் எத்தனையோ அம்மாக்களின் அனுபவமானது. ஒரு காலத்தில் குற்றம் சாட்டப்பட்ட அதே இடத்திலிருந்து அம்மா இப்போது தன்னைப் பற்றிய பதிலோடு திரும்பினாள்.

'நடிப்பது' என்று லியான் சொன்னதை ஆராய்ச்சியாளர்கள் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். 2016-ல் லண்டனில், தாமதமாகக் கண்டறியப்பட்ட 14 பெண்களிடம் பேசி ஒரு ஆய்வு வெளியானது. எப்படிச் சிரிப்பது, எப்போது தலையாட்டுவது என்பதை டி.வி. பார்த்தும் பத்திரிகை படித்தும் கற்றுக்கொண்டதாக அவர்கள் சொன்னார்கள். 2018-ல் இந்த மறைப்பை அளக்கவே 25 கேள்விகள் கொண்ட ஒரு கேள்வித்தாள் வந்தது. பகல் முழுக்க நடித்துவிட்டு வீட்டுக்கு வந்து இருட்டறையில் விழுந்து கிடப்பதுதான் இதன் விலை. வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவது பகல் மட்டுமே.

பெரியவர்களுக்குக் கதவு திறந்தது

சட்டமும் விதிகளும் மெல்ல மாறின. இங்கிலாந்தில் 2009-ல் ஆட்டிசம் சட்டம் வந்தது. குறிப்பாக ஒரே ஒரு குறைபாட்டுக்கென்று அங்கே இயற்றப்பட்ட முதல் சட்டம் அது. வயது வந்தவர்களுக்கும் டயக்னோசிஸ் பெற வழி இருக்க வேண்டும் என்பது அதைத் தொடர்ந்து வந்த அரசுத் திட்டத்தின் முக்கிய அம்சம். 2012-ல் பெரியவர்களுக்கான மருத்துவ வழிகாட்டி வெளியானது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம். 2013-ல் ஐந்தாம் பதிப்பு கண்டபோது, ஆஸ்பெர்கர் முதலிய தனிப் பெயர்கள் நீக்கப்பட்டு எல்லாம் ஒரே ஆட்டிச நிறமாலைக்குள் வந்தன. சத்தம், வெளிச்சம், தொடுகை போன்றவற்றின் மீதான கூச்சமும் சேர்க்கப்பட்டது (சுகரேவா 1926-ல் எழுதியது!). சிறுவயதிலேயே இருந்தாலும், வாழ்க்கையின் சுமை கூடும்போதுதான் வெளிப்படலாம், கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்தும் இருக்கலாம் என்ற விளக்கமும் வந்தது.

ஸ்காட்லாந்துப் பாடகி சூசன் பாய்லை 2009-ல் டி.வி. போட்டியில் உலகமே பார்த்தது. பிறக்கும்போது மூளையில் பாதிப்பு என்றே சிறுவயது முதல் அவரிடம் சொல்லி வந்திருந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஆஸ்பெர்கர் என்று கண்டறியப்பட்டதை 2013-ல் வெளியே சொன்னார். நிம்மதியாக இருக்கிறது என்றார்.

2017-ல் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உண்மையான விகிதம் ஒரு பெண்ணுக்கு மூன்று ஆண்கள் என்பதற்கு அருகில் இருக்கும் என்று தெரிந்தது. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-ல் வெளியிட்ட அறிக்கையில், எட்டு வயதுச் சிறுமிகளில் ஆட்டிசம் உள்ளவர்கள் முதன்முறையாக 1 சதவீதத்தைத் தாண்டினார்கள்.

பெயர் கிடைத்தால் என்ன ஆகும்?

'நாற்பது வயதில் இதைத் தெரிந்து என்ன ஆகப் போகிறது? இதற்கு மருந்தா இருக்கிறது?' என்று கேட்பவர்கள் உண்டு. ஆட்டிசத்துக்கு மருந்து இல்லை என்பது உண்மைதான். வரையறை அளவுக்கு மீறி விரிந்துவிட்டது, கூச்ச சுபாவம் உள்ளவர்களையெல்லாம் சேர்த்தால் அதிக உதவி தேவைப்படுகிறவர்கள் பின்னுக்குத் தள்ளப்படுவார்கள் என்ற கவலையும் நியாயமானதே. அதனால்தான் முறையான பரிசோதனை முக்கியமாகிறது.

ஆனால் தவறான பெயரும் சும்மா இருப்பதில்லை. அது தவறான மாத்திரையைத் தருகிறது, தவறான சிகிச்சையைத் தருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'எல்லோராலும் முடிகிறது, உனக்கு மட்டும் ஏன் முடியவில்லை?' என்ற கேள்வியைத் தினமும் தனக்குத்தானே கேட்க வைக்கிறது. சரியான பெயர் கிடைத்தால் வேலை இடத்தில் அமைதியான மூலை கேட்கலாம், ஓய்வு எடுப்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், பழைய வாழ்க்கையை வேறு கண்ணோடு பார்க்கலாம்.

இதில் ஒரு பெரிய சிக்கல் மிச்சமிருக்கிறது. பெரியவர்களைப் பரிசோதிக்கும்போது சிறுவயது எப்படி இருந்தது என்று மருத்துவர் கேட்பார். மூன்று வயதில் எப்படிப் பேசினாள், யாரோடு விளையாடினாள் என்று முடிந்தால் பெற்றோரையோ உடன்பிறந்தவர்களையோ விசாரிப்பார். பள்ளி அறிக்கைகளைப் பார்ப்பார். முப்பது வயதுப் பெண்ணுக்கு இது பெரும்பாலும் கிடைத்துவிடும். எழுபது வயதுப் பெண்ணுக்கு? பெட்டல்ஹைமின் புத்தகம் வந்த காலத்தில் பள்ளிக்குப் போனவர் அவர். அந்த நாளில் அவரைப் பற்றி யாரும் எதையும் குறித்து வைக்கவில்லை. அவருடைய சிறுவயதைச் சொல்லக்கூடிய அம்மாவும் இன்று உயிரோடு இருக்க மாட்டார். அந்தத் தலைமுறைப் பெண்களில் பெரும்பாலோர் டயக்னோசிஸ் எதுவும் இல்லாமலேயே போய்விடுவார்கள் என்பதுதான் இந்த நூறு வருடத் தாமதத்தின் உண்மையான இழப்பு.